ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை: அழும்போது வாய் கோணுகிறது

கயல் கேட்டது:

என் மகளுக்கு இன்று 12ஆம் நாள். ஆயுதம் (ஃபோர்செப்ஸ், தலையைப் பிடித்து இழுக்கும் இரும்பு இடுக்கி) போட்டுத்தான் எடுத்தார்கள். பிறந்த அன்று இரண்டு கன்னத்திலும் காதுக்கு முன்னால் விரல் நீளத்துக்குச் சிவந்த தடம் இருந்தது. அது நாலாம் நாளே மங்கிவிட்டது. ஆனால் அழும்போது அவள் வாய் வலது பக்கமாக இழுத்துக்கொள்கிறது. இடது பக்க உதடு அசையாமல் அப்படியே நிற்கிறது. தூங்கும்போது இடது கண் முழுதாக மூடுவதில்லை, வெள்ளைக்கோடு ஒன்று தெரிகிறது.

குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டார். முகத்துக்குப் போகும் நரம்பு அழுந்தியிருக்கிறது, சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார். கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்து தந்திருக்கிறார். பால் குடிக்கிறாள், இடது ஓரத்தில் கொஞ்சம் வழிகிறது. எடை நேற்றுதான் பிறந்த எடைக்குத் திரும்பியது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கருப்பை வாய் முழுதாகத் திறந்துவிட்டது, இனி முக்கலாம் என்று சொன்ன பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் முக்கினேன். முதுகில் வலி மரக்கும் ஊசி போட்டிருந்ததால் வலி எப்போது வருகிறது என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர்கள் சொல்லும்போது முக்கினேன். மானிட்டரில் 140, 150 என்று ஓடிக்கொண்டிருந்த குழந்தையின் இதயத்துடிப்பு 80க்கு இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. டாக்டர் என் முகத்துக்கு நேரே குனிந்து, “குழந்தை களைத்துவிட்டது, ஆயுதம் போட்டு உதவப் போகிறேன், சரியா?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அப்புறம் அறையில் ஆள் கூடிவிட்டது. இரும்பும் இரும்பும் சேர்கிற ‘டக்’ சத்தம் கேட்டது. ஒரு நர்ஸ் உரத்த குரலில் “ஒன்று” என்றார். கொஞ்ச நேரம் கழித்து “இரண்டு” என்றார்.

அந்தக் குரல்தான் இன்னும் போகவில்லை. எதை எண்ணினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது, அதற்குத்தான் எண்ணுகிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ராத்திரி பால் கொடுக்க எழுந்தால் அந்த “இரண்டு” கேட்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஏன் சிசேரியன் செய்யவில்லை? நான் சரியாக முக்காததால்தான் இப்படி ஆயிற்றா? அவ்வளவு மெல்லிய தலையை இரும்பால் பிடித்து இழுத்திருக்கிறார்களே, உள்ளே எதுவும் ஆகியிருக்காதா?

செல்வன்:

தங்கச்சி, பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கள் உறவில் ஒரு பையன் ஆயுதம் போட்டுப் பிறந்தவன். படிப்பு சரியாக வரவில்லை. அதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மூளைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது.

மல்லிகா சிஸ்டர்:

கயல், நீ எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். நான் 31 வருடம் பிரசவ அறையிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் இருந்தவள். அந்த “ஒன்று”, “இரண்டு” சொல்கிற வேலை என்னுடையதுதான். உன் அறையில் இல்லை, வேறு எத்தனையோ அறைகளில். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்ணுவது இழுப்பை. வலி வரும்போது, நீ முக்கும்போது, டாக்டரும் கூடவே இழுப்பார். அது ஒன்று. அடுத்த வலிக்கு இழுத்தால் இரண்டு. ஒவ்வொரு இழுப்புக்கும் தலை கொஞ்சமாவது இறங்கி வர வேண்டும். இறங்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். இறங்கி வந்தாலும் மூன்று இழுப்புக்குள் குழந்தை பிறக்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் கழற்றிவிட்டு சிசேரியனுக்குப் போக வேண்டும். இழுக்கிறவர் கண் தலை மேலேயே இருக்கும், கணக்கு தவறிவிடும். அதனால் பக்கத்தில் நிற்கிற ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். அந்த நர்ஸ் உன் குழந்தைக்கு ஆபத்து வருகிறது என்று எண்ணவில்லை, கண்ணு. வரவிடாமல் இருக்க எண்ணினார்.

நான் உரக்க எண்ணாத ஒரு ராத்திரி உண்டு. வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மூன்று ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் என்னைவிட வயதில் பெரியவர், நான் வாயைத் திறக்கவில்லை. நான்காவது இழுத்தார், ஐந்தாவதும் இழுத்தார். குழந்தை 11 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தது, பிழைத்து வீட்டுக்குப் போனது. தாய்க்கு மலத்துவாரம் வரைக்கும் கிழிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்றைக்கும் தெரியும். அதற்கப்புறம் நான் எண்ணாமல் இருந்ததே இல்லை. யார் இழுத்தாலும் சரி, முதல் இழுப்பிலிருந்தே சத்தமாகச் சொல்வேன்.

உன் அறையில் “இரண்டு”டன் நின்றுவிட்டது. அதை நினைவில் வைத்துக்கொள்.

சிசேரியன் ஏன் இல்லை என்று கேட்டாய். கருப்பை வாய் முழுதாகத் திறந்து, தலை இடுப்பெலும்புக்குள் ஆழமாக இறங்கி உட்கார்ந்த பிறகு, வயிற்றைத் திறந்து எடுப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. போத்தல் கழுத்தில் தக்கை இறுகியது மாதிரி தலை கீழே மாட்டியிருக்கும். மேலிருந்து கையை விட்டு நெம்ப வேண்டும். சில நேரம் கீழிருந்து ஒருவர் தலையை மேலே தள்ளிக்கொடுக்க வேண்டியிருக்கும். நான் தள்ளிக்கொடுத்திருக்கிறேன். கருப்பை வெட்டு பக்கவாட்டில் கிழிந்து போகலாம், ரத்தம் நிறையப் போகலாம். இதில் நிமிடங்களும் ஓடும். நாடி 80க்கு இறங்கி இறங்கி ஏறுகிற குழந்தைக்கு அந்த நிமிடங்கள் முக்கியம். தலை நன்றாகக் கீழே இருந்தால், பழகிய கை ஆயுதம் போட்டு அதைவிடச் சீக்கிரம் எடுத்துவிடும்.

அதற்காக யாருக்கும் எப்போதும் போட்டுவிட முடியாது. கருப்பை வாய் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்திருக்க வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தலை மேலே தட்டுப்படக் கூடாது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தட்டுப்பட்டால் போடக் கூடாது. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். மூத்திரப்பையைக் குழாய் விட்டுக் காலி செய்ய வேண்டும். தாய்க்கு வலி மரத்திருக்க வேண்டும், அவள் சம்மதமும் வேண்டும். நடக்காவிட்டால் உடனே சிசேரியனுக்குத் தூக்கிப் போக ஏற்பாடும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கையில் எடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள்.

நீ சரியாக முக்கவில்லை என்பதை மனதிலிருந்து எடுத்துவிடு. முதுகில் ஊசி போட்டால் முக்க வேண்டும் என்கிற உந்துதலே மழுங்கும். வலியே தெரியாமல் இரண்டு மணி நேரம் அடுத்தவர் சொல்லச் சொல்ல முக்கியிருக்கிறாய். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

வாய் கோணுவதற்கு வருகிறேன். நமக்குக் காதுக்குப் பின்னால் தொட்டால் ஒரு எலும்பு மேடு இருக்கிறதல்லவா? பிறந்த குழந்தைக்கு அது வளர்ந்திருக்காது. முக நரம்பு அந்த இடத்தில்தான் மண்டையோட்டை விட்டு வெளியே வருகிறது. மறைக்க எலும்பு இல்லாததால் தோலுக்கு அடியிலேயே கிடக்கும். ஆயுதத்தின் இலை, அதாவது தலையைப் பிடிக்கும் பகுதி, அதன் மேல் அழுந்தினால் அந்தப் பக்க முகம் கொஞ்ச நாள் தூங்கிவிடும். ஆயுதமே போடாமல், தாயின் இடுப்பெலும்பில் அழுந்தியும் சில குழந்தைகளுக்கு இப்படி வரும். பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது, நசுங்கித்தான் இருக்கும். சில வாரங்களில் திரும்பி வரும். முதலில் கண் மூடத் தொடங்கும், உதடு பிறகு வரும். நான் பார்த்தவரை இதுதான் வரிசை. சொட்டு மருந்தை மட்டும் ஒரு வேளைகூட விடாதே. கண் மணி காய்ந்தால் புண்ணாகும்.

செல்வன் தம்பி, ஸ்கேன் எப்போது வேண்டும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, வெட்டி இழுக்கிறது, வெளுத்துப்போகிறது, உச்சிக்குழி உப்புகிறது, தலையில் மெத்தென்ற வீக்கம் நாளுக்கு நாள் பரவுகிறது. இதில் எது இருந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. நன்றாகக் குடித்து எடை ஏறுகிற குழந்தைக்கு, வீட்டில் சொல்கிற காரணத்துக்காக ஸ்கேன் தேவையில்லை. படிப்பைப் பற்றியும் பார்த்திருக்கிறார்கள். எருசலேமில் பிறந்த 50,000க்கும் மேற்பட்டவர்களை, 17 வயதில் அவர்களுக்கு வைத்த அறிவுத்திறன் தேர்வை வைத்து ஒப்பிட்ட ஆய்வு 1991இல் வந்தது. தானாகப் பிறந்தவர்களுக்கும் ஆயுதம் போட்டுப் பிறந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் உறவுப் பையனுக்கு வேறு காரணம் இருக்கலாம். அதைத் தேடாமல் பிறப்பின் மேலேயே பழி போட்டால் அவனுக்குத்தான் நஷ்டம்.

சுமதி:

சிஸ்டர் சொன்ன அந்தக் கிழிசல் எனக்கு ஆயிற்று. அதனால் கயலிடம் ஒன்று கேட்கிறேன். உனக்கு எந்த நிலைக் கிழிசல் என்று தெரியுமா?

எனக்குத் தெரியாது. தையல் போட்டிருக்கிறது, நல்லா உட்கார், பால் கொடு என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, பஸ்ஸுக்காக வேகமாக நடந்தால் வாயுவை அடக்க முடியாமல் போனது. அப்புறம் மலமும். யாரிடம் சொல்வேன்? என் வீட்டுக்காரரிடம்கூட ஏழு மாதம் சொல்லவில்லை. எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். கடைசியில் ஒரு பெண் மருத்துவர் என் பழைய கேஸ் ஷீட்டை வரவழைத்துப் படித்துவிட்டு, “உங்களுக்கு மூன்றாம் நிலைக் கிழிசல் ஆகியிருக்கிறது, மலத்துவாரத்தைச் சுற்றியுள்ள தசை கிழிந்து தைத்திருக்கிறார்கள்” என்றார். அந்தக் காகிதத்தில் எழுதியே இருந்தது. என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

ஆயுதம் போட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை, என் பையன் நன்றாக இருக்கிறான். சொல்லாமல் விட்டதற்குத்தான் கோபம். சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே மலம் இளக மருந்து எடுத்திருப்பேன், இடுப்புத்தளப் பயிற்சி தொடங்கியிருப்பேன். ஏழு மாதம் கழித்துத் தொடங்கியும் எனக்குப் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயம்தான், வாயுவை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். அதைச் சரியாகச் செய்கிறேனா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பலன் தெரிந்தது.

கயல், வெட்கப்படாமல் கேள்.

மல்லிகா சிஸ்டர்:

சுமதி, இதை எழுதியதற்கு உனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். உறிஞ்சி எடுக்கும் வேக்குவத்தைவிட ஆயுதத்தில் இந்தக் கிழிசல் அதிகம் என்பது உண்மை, அதை மறைக்கவே கூடாது. வேக்குவத்தில் வேறு கஷ்டம். குழந்தையின் தலைத்தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவது அதில்தான் அதிகம், பாதியில் கழன்று தோற்றுப்போவதும் அதில்தான் அதிகம். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு வேக்குவம் போடக் கூடாது, தலை அவ்வளவு மெல்லியது. கால் முதலில் வந்து தலை கடைசியில் மாட்டுகிற பிரசவத்திலும், முகம் முதலில் வரும்போதும் வேக்குவம் உதவாது. இதய நோய் இருந்து முக்கவே கூடாத தாய்க்கு ஆயுதம்தான். ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எது எந்தக் கையில் பழகியிருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் இது.

தையலைப் பற்றி இன்னொன்று. ஆயுதமோ வேக்குவமோ போட்டுப் பிறந்தவுடன் தாய்க்கு ஒரே ஒரு தடவை ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் 3,400க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். போட்டவர்களில் 11 சதவீதத்தினருக்குத்தான் தொற்று வந்தது. போடாதவர்களில் 19 சதவீதம். கயல், உனக்குப் போட்டார்களா என்றும் கேஸ் ஷீட்டில் பார். தையல் இடத்தில் வீங்கினாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே போய்க் காட்டு.

பழஞ்சுவடி:

நான் மருத்துவத் துறை இல்லை, வரலாறு படிப்பவன். சிஸ்டர் சொன்ன ‘எப்போது விடுவது’ என்பதுதான் இந்தக் கருவியின் 400 வருடக் கதை முழுக்க ஓடுகிறது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

1569இல் மதக் கலவரத்துக்குப் பயந்து பிரான்ஸை விட்டு இங்கிலாந்துக்கு ஓடிவந்தது சேம்பர்லன் என்ற குடும்பம். மகன்கள் இரண்டு பேருக்கும் பீட்டர் என்றே பெயர். அவர்களில் ஒருவர்தான் இன்றைய வடிவத்துக்கு மூலமான பிரசவ ஆயுதத்தைச் செய்தார் என்கிறார்கள். அதற்கு முன்னால் மாட்டிய குழந்தையை எடுக்கக் கொக்கிதான் இருந்தது, பெரும்பாலும் இறந்த குழந்தைக்கு. உயிரோடு எடுக்கும் ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாக, நூறு வருடத்துக்கு மேல், வெளியே சொல்லவில்லை. பெரிய பெட்டியில் மூடிக் கொண்டுபோவார்களாம், தாயின் கண்ணைக் கட்டிவிடுவார்களாம். அந்த நூறு வருடத்தில் எத்தனை தாய்கள் செத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

1670இல் ஹியூ சேம்பர்லன் பாரிஸுக்குப் போய், அந்த ரகசியத்தை விற்கப் பார்த்தார். மோரிசோ என்ற புகழ்பெற்ற பிரசவ மருத்துவர் அவரைச் சோதிக்க, இடுப்பெலும்பு மிகக் குறுகிய, யாராலும் பிரசவம் பார்க்க முடியாத ஒரு பெண்ணைக் காட்டினார். சில நிமிடங்களில் எடுத்துவிடுவேன் என்றார் ஹியூ. மூன்று மணி நேரம் போராடினார். முடியவில்லை. அந்தப் பெண் மறுநாள் இறந்துபோனாள். எண்ணிச் சொல்ல அங்கே ஒரு மல்லிகா சிஸ்டர் இல்லை.

அந்தக் கருவிகள் கண்ணில் பட்டது 1813இல்தான். எஸ்ஸெக்ஸில் வுட்ஹம் மார்ட்டிமர் ஹால் என்ற, அந்தக் குடும்பம் முன்பு வாழ்ந்த வீட்டின் பரண் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

மறுபக்கமும் நடந்தது. 1817 நவம்பரில் இங்கிலாந்து இளவரசி சார்லட்டுக்குப் பிரசவ வலி 50 மணி நேரம் நீண்டது. ஆயுதம் தயாராக இருந்தும் மருத்துவர் ரிச்சர்ட் கிராஃப்ட் போடவில்லை, இயற்கையாக வரட்டும் என்று காத்திருந்தார். குழந்தை இறந்தே பிறந்தது, சில மணி நேரத்தில் இளவரசியும் போய்விட்டார். மூன்று மாதத்தில் கிராஃப்டும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் அங்கே மருத்துவர்கள் ஆயுதத்தை மறுபடி கையில் எடுக்கத் துணிந்தார்கள்.

அறுவைச் சிகிச்சையில் பிடிக்கும் கருவி இதைவிட ரொம்பப் பழசு. நம் நாட்டுப் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை 101 யந்திரங்களை, அதாவது கருவிகளை, சொல்கிறது. அதில் 24 குறுக்காகப் பூட்டிய குறடுகள், சிங்கம், கரடி, காக்கை என்று விலங்கு, பறவை முகங்களின் பெயரில். எல்லாவற்றிலும் சிறந்தது கங்கமுகம், அதாவது நாரை மூக்கு. சுலபமாக உள்ளே போகும், உறுதியாகப் பிடிக்கும், சுலபமாக வெளியே வரும் என்று காரணமும் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஆம்ப்ருவாஸ் பாரே ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்டப் பயன்படுத்திய கருவிக்கும் காக்கை அலகு என்றுதான் பெயர்.

கயல்:

சிஸ்டர், “இரண்டு” எதற்கு என்று படித்ததும் அழுதுவிட்டேன். சுமதி அக்கா, நாளைக்கே கேஸ் ஷீட் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. இரும்பு இரும்புதானே. எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் தலையை நெருக்கித்தானே இழுக்க முடியும்?

மல்லிகா சிஸ்டர்:

இல்லை. இதை நான் மாணவிகளுக்குத் தியேட்டரில் கருவித் தட்டைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன். உனக்கும் அப்படியே சொல்கிறேன்.

ஃபோர்செப்ஸ் என்ற பேரில் தட்டில் பத்து விதம் இருக்கும். பேனா மாதிரி பிடிக்கிற டிசெக்டிங் ஃபோர்செப்ஸில் பல் வைத்தது, பல் இல்லாதது என்று இரண்டு. தோலைத் தைக்கும்போது எதைக் கொடுப்பாய் என்று கேட்டால் புதுப்பெண்கள் எல்லோரும் பல் இல்லாததைக் காட்டுவார்கள், அதுதான் வலிக்காது என்று. தப்பு. பல் இல்லாதது வழுக்கும், வழுக்காமல் இருக்க அழுத்திப் பிடிக்க வேண்டும், தோல் நசுங்கிச் செத்துவிடும். பல் வைத்தது இரண்டு புள்ளியில் கொத்திக்கொள்ளும், அழுத்தமே தேவையில்லை. குடலுக்கு இது நேர் எதிர், பல் பட்டால் ஓட்டை விழும். அலிஸ் என்ற வகை இறுக்கமான திசுவுக்கு, பாப்காக் என்ற வகை குழாய் மாதிரி மெல்லியதைச் சுற்றிப் பிடிக்க. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் கைப்பிடி பக்கம் பல்சட்டம் இருக்கும், ‘டிக், டிக்’ என்று பூட்டிக்கொண்டு கையை எடுத்தாலும் இறுக்கம் விடாது. ரத்தம் பீய்ச்சும் குழாயை நசுக்க வேண்டும், அதற்காகவே செய்தது.

பிரசவ ஆயுதத்தில் அந்தப் பல்சட்டம் கிடையாது. நீ கேட்ட ‘டக்’ இரண்டு இலையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்திய சத்தம், இறுக்கிய சத்தம் இல்லை. போட்டது சரியாக இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்ட மறுத்தால் பலவந்தம் செய்யக் கூடாது, இலை சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். எடுத்துவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இலை என்றேன். உண்மையிலேயே இலை மாதிரிதான், நடுவில் வெறுமையாக ஓரம் மட்டும் இருக்கும். குழந்தையின் கன்னத்துக்கு ஏற்ற வளைவு ஒன்று, தாயின் இடுப்பெலும்புப் பாதைக்கு ஏற்ற வளைவு இன்னொன்று. இரண்டாவது வளைவை 1747இல் லெவ்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்டார். சேம்பர்லன் கருவியில் அது இல்லை. இடது இலை முதலில், டாக்டரின் இடது கையில், தாயின் இடது பக்கம் போகும். வலது கை விரல்கள் உள்ளே தலைக்கும் தாயின் சதைக்கும் நடுவில் இருந்து, இலைக்கு வழிகாட்டும். நல்ல டாக்டர் கைப்பிடியை இரண்டு விரலில்தான் பிடித்திருப்பார், இலை தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். பிறகு இழுப்பதும் நேராக இல்லை. முதலில் கீழ்நோக்கி, பிறகு நமக்கு நேராக, தலை தெரியத் தொடங்கியதும் மேல்நோக்கி. குழந்தை தானாக வந்தாலும் அந்த வளைவில்தான் வரும். வலி விட்டதும் கைப்பிடியைத் தளர்த்திவிடுவார்கள். அடுத்த வலி வரும்வரை தலையில் எந்த அழுத்தமும் இருக்கக் கூடாது.

காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தடம் இருந்தது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. ஒரு பக்கம் நெற்றியிலும் மறுபக்கம் காதுக்குப் பின்னாலும் இருந்திருந்தால் தலை திரும்பிய பக்கத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள் என்று யோசித்திருப்பேன். உன் மகளுக்கு இலைகள் உட்கார வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அப்படி உட்கார்ந்தும் நரம்பு அழுந்தும், அந்த நரம்பு அவ்வளவு வெளியே கிடக்கிறது.

கயல்:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். கேஸ் ஷீட் நகல் வாங்கிவிட்டேன். கேட்டதும் முதலில் எதற்கு என்றார்கள். எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள என்றேன். டாக்டரே கூப்பிட்டு உட்காரவைத்து, வரி வரியாகப் படித்துக் காட்டினார். தலை, இடுப்பெலும்புக்குள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு 2 செ.மீ. கீழே, நன்றாக இறங்கி இருந்திருக்கிறது. சிம்ப்சன் என்ற வகை ஆயுதம். இழுப்பு 2. முடிவெடுத்ததிலிருந்து பிறந்தது வரை 9 நிமிடம். கிழிசல் இரண்டாம் நிலை, தசை வரைக்கும், மலத்துவாரம் வரை போகவில்லை. ஆன்டிபயாடிக் ஒரு தடவை போட்டிருக்கிறார்கள். சுமதி அக்கா, இரண்டாம் நிலை என்றாலும் பிசியோதெரபிஸ்டிடம் எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டேன்.

எண்ணியது யார் என்று கேட்டேன். அன்றைக்கு டியூட்டியில் இருந்த சிஸ்டரின் பெயரைச் சொன்னார். வார்டில் தேடிப் போனேன், அவர் இரவு ஷிஃப்டில் இருந்தார், பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் குழந்தையைக் காட்டப் போகும்போது பகல் ஷிஃப்ட் என்றார்கள்.

இன்னொன்று. நேற்று தூங்கும்போது பார்த்தேன். அந்த வெள்ளைக்கோடு பாதியாகிவிட்டது.

மல்லிகா சிஸ்டர்:

கண்தான் முதலில் வரும் என்றேனே! முழுதாக மூடும் வரைக்கும் சொட்டு மருந்தை நிறுத்தாதே. அந்த சிஸ்டரைப் பார்க்கும்போது குழந்தையை அவர் கையில் கொடு.